டைவர்சிட்டி ஃபெலோஷிப் நம்ம ஊர்ப் பிள்ளையளுக்குக் கெடைக்குமா? அரசியல் அறிவியல்ல பிஎச்டி போற தங்கச்சிக்காகக் கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், இல்லன்னா மத்தவங்க படிக்கும்போது தலையும் புரியாது வாலும் புரியாது. குளச்சல் பக்கம் கடற்கரை ஊரு, கிறிஸ்தவக் குடும்பம், அப்பா கடலுக்குப் போறவரு, தங்கச்சிதான் வீட்டுல முதல் டிகிரி. எம்ஏ அரசியல் அறிவியல் முடிச்சிட்டா, பிஎச்டி போகணும்னு நிக்கிறா. அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி மாணவி அரசியல் அறிவியலுக்கு டைவர்சிட்டி ஃபெலோஷிப் (அந்தத் துறையில கொறச்சலா இருக்கிற சமூகத்துப் பிள்ளைகளுக்குன்னு குடுக்கிற ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கினதைப் படிச்சிட்டு நமக்கும் இப்படி உண்டாண்ணு கேக்கிறா. கூடவே, அப்படி வாங்கினா "கோட்டாவுல வந்தவ"ன்னு காலம்பூரா சொல்லுவாங்களோன்னு ஒரு பயம். இவ்வளவுதானே?

அந்த அமெரிக்கக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன். அங்க அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம்னு ஒண்ணு இருக்கு, 1903-ல தொடங்கினது. 1969-ல அவங்க கறுப்பின மாணவர்களுக்காக ஒரு ஃபெலோஷிப் தொடங்கினாங்க, ஏன்னா அந்தத் துறையில பிஎச்டி வாங்கின கறுப்பினத்தவங்க அவ்வளவு கொறச்சல். ரால்ஃப் பன்ச்னு ஒருத்தர், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துல அரசியல் அறிவியல்ல பிஎச்டி வாங்கின முதல் கறுப்பினத்தவர், 1934-ல ஹார்வர்டுல. பிறகு ஐநாவுல வேலை பாத்து 1950-ல நோபல் அமைதிப் பரிசும் வாங்கினாரு. அவ்வளவு பெரிய ஆள் வந்துட்டுப் போன பிறகும் வகுப்பறை மாறலங்கிறதுதான் அந்த ஃபெலோஷிப்புக்குக் காரணம். பிறகு லத்தீனோ, பூர்வகுடி, ஆசியப் பிள்ளைகளுக்கும் விரிச்சாங்க, பேரும் ரெண்டு மூணு தடவை மாறி இப்போ டைவர்சிட்டி ஃபெலோஷிப்னு நிக்குது. ஆனா அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்க நிரந்தரமா இருக்க உரிமை உள்ளவங்களுக்கும் உள்ளது, இங்கிருந்து மாணவர் விசாவுல போற பிள்ளைக்குக் கெடையாது. அதனால அதை விட்டுருங்க.

பல்கலைக்கழகங்களே தனியா வச்சிருந்த டைவர்சிட்டி ஃபெலோஷிப்பும் இப்போ நம்பற மாதிரி இல்ல. 2023 ஜூன் 29-ல அங்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு வழக்குல அட்மிஷனுக்கு இனத்தைப் பாக்கக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிட்டு, 2025 ஜனவரியில புது அதிபரோட உத்தரவுகள் வந்துச்சு, அதுக்குப் பெறகு நெறைய இடத்துல பேரை மாத்திட்டாங்க, சில இடத்துல திட்டத்தையே மூடிட்டாங்க. ஃபோர்டு அறக்கட்டளை 2001-ல இருந்து 2013 வரைக்கும் நம்ம நாடு உட்பட பல நாட்டுல ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளை மேல்படிப்புக்கு அனுப்பினாங்க, அது முடிஞ்சு போச்சு. ஆனா ஒண்ணு, அமெரிக்காவுல நல்ல பல்கலைக்கழகத்துல பிஎச்டி சேந்தா ஃபீஸ் தள்ளுபடி, மாசச் சம்பளம் மாதிரி ஸ்டைபண்ட், ரெண்டும் பெரும்பாலும் துறையே நாலஞ்சு வருஷத்துக்குக் குடுக்கும், பதிலுக்கு வகுப்பு எடுக்கச் சொல்லுவாங்க. அதுக்கு டைவர்சிட்டின்னு பேரும் கெடையாது, குடியுரிமையும் பெரும்பாலும் பாக்க மாட்டாங்க. தங்கச்சிக்கு வெளிநாட்டு ஆசை இருந்தா தேட வேண்டியது அதைத்தான்.

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம், இங்கதான் சொல்ல நெறைய இருக்கு. இங்க இதை யாரும் டைவர்சிட்டின்னு சொல்றதில்ல, ஆனா வேலை அதே வேலைதான். எஸ்சி பிள்ளைகளுக்கு ஒரு தேசிய ஃபெலோஷிப், எஸ்டிக்கு ஒண்ணு, ஓபிசிக்கு ஒண்ணு, ஒற்றைப் பெண் குழந்தைக்கு சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே பேருல ஒண்ணு (நீங்க ஒரு அண்ணன் இருக்கீங்கல்ல, அதனால தங்கச்சிக்கு அது போச்சு, கோவிச்சுக்காதீங்க). எஸ்சிக்கானது 2005-06-ல ராஜீவ் காந்தி பேருல ஆரம்பிச்சது, ஓபிசிக்கானது 2014-15-ல வந்தது. தொகை எல்லாத்துக்கும் ஏறக்குறைய ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோஷிப், ஆராய்ச்சி மாணவர்களுக்கான பொதுவான உதவித்தொகை) கணக்குதான். 2023 ஜனவரியில இருந்து முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய், பெறகு எஸ்ஆர்எஃப், அதாவது சீனியர், ஆனதும் 42,000, மொத்தம் அஞ்சு வருஷம். விடுதி கெடைக்கலன்னா வீட்டு வாடகைப் படி தனி, புத்தகம், களப்பணிச் செலவுன்னு நம்ம மாதிரிப் பாடங்களுக்கு வருஷத்துக்கு 10,000, பெறகு 20,500. இது எதுவும் கெடைக்காம மத்தியப் பல்கலைக்கழகத்துல சேந்தா வர்ற நான்-நெட் தொகை (நெட் தேர்வு வழியா ஃபெலோஷிப் வாங்காதவங்களுக்கு உள்ளது) மாசம் 8,000 ரூபாய். டெல்லியில 8,000 வச்சி என்ன செய்ய? இந்த வித்தியாசத்துக்காகத்தான் நான் இவ்வளவு நீளமா எழுதிக்கிட்டு இருக்கேன்.

கிறிஸ்தவப் பிள்ளைன்னு சொன்னதால பல பேரு உங்ககிட்ட மௌலானா ஆசாத் ஃபெலோஷிப் பத்திச் சொல்லியிருப்பாங்க. பழைய தகவல் அது. 2009-ல சிறுபான்மையினருக்குன்னு வந்தது, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சின்னு ஆறு சமயத்துக்கும் உண்டு. 2022 டிசம்பர்ல நாடாளுமன்றத்துல எந்திரிச்சு, 2022-23-ல இருந்து புதுசா யாருக்கும் இல்லன்னு சொல்லிட்டாங்க. மத்த ஃபெலோஷிப்போட ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதுன்னு காரணம். 2011 சென்சஸ்படி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நூத்துக்கு ஏறக்குறைய 47 பேரு கிறிஸ்தவங்க, தமிழ்நாட்டுலயே இங்கதான் அதிகம், அதனால இது நின்னதோட அடி இங்க விழுந்த மாதிரி வேற மாவட்டத்துல விழுந்திருக்காது. ஒருத்தர் ரெண்டு ஃபெலோஷிப் வாங்க விதியிலேயே எடம் கெடையாது, பிறகு என்ன ஏறுறது, எனக்கு அந்தக் காரணம் இன்னைக்கு வரைக்கும் செமிக்கல. சரி, போகட்டும்.

அப்போ உங்க தங்கச்சிக்கு மிச்சம் இருக்கறது ஓபிசி ஃபெலோஷிப், அது போக பொதுவான ஜேஆர்எஃப். ரெண்டுக்கும் வாசல் ஒண்ணுதான், யுஜிசி நெட், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவோட தேசியத் தகுதித் தேர்வு. வருஷத்துல ரெண்டு தடவை, அரசியல் அறிவியலுக்குப் பாட எண் 02. முதல் தாள் 50 கேள்வி, ரெண்டாவது 100 கேள்வி, ஒரே உட்காரல்ல மூணு மணி நேரம், தப்புக்கு மார்க் கொறைக்க மாட்டாங்க, அதனால ஒரு கேள்வியையும் விடாதேன்னு சொல்லுங்க. கேள்வித்தாள் இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் மட்டுந்தான் வரும், தமிழ்ல எம்ஏ எழுதின பிள்ளையளுக்கு இது எவ்வளவு பெரிய மதிலுன்னு எழுதிப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும். ஜேஆர்எஃப் வயசு வரம்பு 30, பொம்பளப் பிள்ளைகளுக்கும் ஓபிசி, எஸ்சி, எஸ்டிக்கும் இன்னும் 5 வருஷம் உண்டு. 2024 ஜூன்ல இருந்து நெட் ரிசல்ட் மூணு வகையா வருது, ஜேஆர்எஃப் கெடைச்சவங்க, உதவிப் பேராசிரியர் தகுதியோட பிஎச்டி சேர்க்கைக்கும் தகுதி உள்ளவங்க, பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும் தகுதி உள்ளவங்க. ஜேஆர்எஃப் தட்டிப்போச்சுன்னு ஒப்பாரி வைக்க வேண்டாம், ஓபிசி ஃபெலோஷிப்புக்கு ஆள் எடுக்கறது அப்படித் தட்டிப்போனவங்கள்ல இருந்துதான்.

இனி நம்ம ஊருக்குன்னு இருக்கிற சிக்கல். இதை மதுரைக்காரங்களோ கோயம்புத்தூர்க்காரங்களோ உங்களுக்குச் சொல்லித் தர மாட்டாங்க, அவங்களுக்குத் தெரியாது. நாம 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்தோம், அந்தக் கணக்கு சாதிப் பட்டியல்ல இன்னும் தீரல. தமிழ்நாட்டு எஸ்சி, எஸ்டி பட்டியலை எடுத்துப் பாருங்க, "கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருநெல்வேலி மாவட்டத்தின் செங்கோட்டை வட்டத்திலும்"னு ஒரு வால் பல சாதிப் பேருக்குப் பின்னாடி தொங்கும். வண்ணான் சமூகம் இங்க எஸ்சி, ஆரல்வாய்மொழி தாண்டி வடக்க போனா எம்பிசி. பேச்சிப்பாறை மேல இருக்கிற காணிக்காரங்க எஸ்டி, அந்தப் பேருக்குப் பின்னாடியும் அது மாதிரி ஒரு வால் உண்டு. தாலுகாவுல எந்த ஊர்ச் சான்றிதழ், அப்பா வழி எந்த ஊருங்கிறது ஒரு பிள்ளையோட அஞ்சு வருஷ ஃபெலோஷிப்பைத் தீர்மானிக்கும்.

அதுக்கு மேல சமயம். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, பெறகு 1956-ல சேத்த சீக்கியர், 1990-ல சேத்த பௌத்தர், இவங்களுக்குத்தான் எஸ்சி. நம்ம சாம்பவர் குடும்பங்கள்ல அண்ணன் வீடு கோயிலுக்கும் தம்பி வீடு சிஎஸ்ஐ சபைக்கும் போறது சர்வ சாதாரணம், அண்ணன் பிள்ளைக்கு எஸ்சி ஃபெலோஷிப், தம்பி பிள்ளைக்கு மத்திய அரசு கணக்குல ஓபிசி. ஒரே கிணத்துத் தண்ணி, ஒரே தீண்டாமை. மாநில அரசு இதுல கொஞ்சம் பரவாயில்ல, ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர பிஎச்டிக்கு வருஷம் ஒரு லட்சம் குடுக்கிறதுல மதம் மாறின கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களும் வருவாங்க, வெளிநாட்டுக்கு அனுப்புற அண்ணல் அம்பேத்கர் பேருல உள்ள திட்டத்துலயும் அவங்க உண்டு. எஸ்டிக்கு இந்தச் சமயக் கட்டுப்பாடே கெடையாது. உங்க தங்கச்சிக்கு இது பொருந்தாது, ஆனா இதைப் படிக்கிறவங்கள்ல பொருந்துற பிள்ளை இருக்கும், அதனால சொல்லி வைக்கிறேன்.

உங்க வீட்டுக்கு வர்றேன். உங்ககிட்ட இருக்கிறது மாநிலச் சாதிச் சான்றிதழ், அதுல பிசியோ எம்பிசியோ எது இருந்தாலும் மத்திய அரசுக்குப் பெரும்பாலும் ஓபிசிதான், ஆனா அந்தச் சான்றிதழை வச்சிக்கிட்டு அங்க ஒண்ணும் நடக்காது. மத்திய அரசு ஃபார்மேட்டுல, கிரீமி லேயர்ல (ஓபிசியில வசதியானவங்கன்னு ஒதுக்கி வைக்கிற பிரிவு) இல்லன்னு தனியா ஓபிசி-என்சிஎல் சான்றிதழ் வேணும். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் அச்சு அசலா ஒண்ணு இல்ல, உங்க சாதிப் பேரு மத்தியப் பட்டியல்ல எந்த எழுத்துல இருக்குன்னு முதல்ல பாத்து அதே மாதிரி எழுதி வாங்குங்க. இசேவையில போட்டா கல்குளம் தாலுகா, தக்கலை ஆபீசுக்குப் போகும், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஏறும். சாதிச் சான்றிதழ் மாதிரி ஒருக்கா வாங்கினா ஆயுசுக்கும்னு நெனைக்காதீங்க, இது நிதியாண்டுக் கணக்கு, ஏப்ரல் பொறந்ததும் புதுசு வாங்கி வைக்கணும்.

நம்ம கடற்கரையில இங்க ரெண்டு எடத்துல கால் தட்டும். ஒண்ணு பேரு. ஞானஸ்நான ரிஜிஸ்தர்ல அப்பா பேரு மரிய அந்தோணி, ரேஷன் கார்டுல அந்தோணி, ஆதார்ல எம். அந்தோணி அடிமை, பிள்ளையோட பத்தாம் வகுப்பு மார்க்லிஸ்ட்ல அந்தோணியடிமைன்னு சேத்து ஒரே சொல்லா. விஏஓ நமக்குத் தெரிஞ்ச ஆளா இருப்பாரு, சிரிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுருவாரு. டெல்லியில சரிபாக்கிறவருக்கு இது நாலு வெவ்வேற ஆளு. மார்க்லிஸ்ட்ல என்ன எழுத்து இருக்கோ அதுக்கு மத்ததை எல்லாம் இழுத்துக் கொண்டு வந்துடுங்க, நெட் அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடியே. ரெண்டாவது வருமானம். அப்பா சில வருஷம் வளைகுடா நாட்டுல மீன்பிடிக்கப் போயிருந்தா ஊர்ல எல்லாரும் "துபாய்க்காரன் வீடு"ன்னுதான் சொல்லுவாங்க, அந்தப் பேச்சைக் கேட்டு நீங்களே கிரீமி லேயர்னு பயந்து ஒதுங்கிடாதீங்க. வரம்பு 2017-ல இருந்து வருஷத்துக்கு 8 லட்சம், தொடர்ந்து மூணு வருஷம் பாப்பாங்க. பாஸ்புக்கை வச்சிக்கிட்டு நேரா தாலுகா ஆபீசுல கேளுங்க.

எந்தப் பல்கலைக்கழகம்னு கேட்டிருந்தீங்க. தமிழ்நாட்டுல அரசியல் அறிவியலுக்கு நல்ல வழிகாட்டி கெடைக்கிறது கஷ்டம், வரலாற்றுத் துறை இருக்கிற அளவுக்கு இந்தத் துறை நம்ம கல்லூரிகள்ல வேரு விடல. ஜேஎன்யு, ஹைதராபாத், பாண்டிச்சேரி இதெல்லாம் போட்டுப் பாக்கட்டும். ஆனா பக்கத்துல காரியவட்டத்துல கேரளா பல்கலைக்கழகத்தோட துறை இருக்கறதை ஏன் நம்மாளுங்க மறந்துடுறாங்கன்னு தெரியல, நாகர்கோவில்ல பஸ் ஏறினா திருவனந்தபுரம், அங்கிருந்து கொஞ்ச தூரம். அங்க மாநில இடஒதுக்கீடு நமக்கு வராது, அட்மிஷன்ல பொதுப் போட்டிதான், ஆனா ஓபிசி ஃபெலோஷிப் மத்திய அரசு காசு, அது பிள்ளை எங்க சேந்தாலும் கூடவே போகும். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகெல்லாம் கொச்சிப் பக்கந்தான் மீன் எறக்குது, கடல் சம்பந்தமா ஆய்வு பண்ணணும்னா ரெண்டு மாநிலமும் பாக்க வேண்டியிருக்கும்.

இந்தக் காசு மாசா மாசம் சம்பளம் மாதிரி வரும்னு மட்டும் கணக்குப் போட்டுடாதீங்க. மாசா மாசம் பல்கலைக்கழகத்துல இருந்து ஆள் இருக்காங்கன்னு உறுதி பண்ணி அனுப்பணும், அந்த கிளார்க் லீவுல போனா உங்க பணமும் லீவு. மேலேயும் தாமதம் ஆகும், மௌலானா ஆசாத் வாங்கிக்கிட்டு இருந்த பழைய பிள்ளைகளுக்கு மாசக்கணக்கா வராம நின்னது பத்திரிகையிலேயே வந்தது. முதல் தவணை வர்ற வரைக்கும் தாங்குற அளவுக்கு வீட்டுல ஏற்பாடு பண்ணிக்கோங்க, சீட்டு ஒண்ணு கெடந்தா அதை அப்போ எடுக்கிற மாதிரி வச்சிக்கோங்க.

கடைசியா அந்த "கோட்டா" பேச்சு. சொல்லுவாங்க, சொல்லாம இருக்க மாட்டாங்க, செமினார்ல நேரா சொல்லலன்னாலும் கேன்டீன்ல சொல்லுவாங்க. நம்ம பழைய திருவிதாங்கூர்ல உழவூர்னு ஒரு ஊர்ல பெறந்த ஒரு தலித் பையன், திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துல இங்கிலீஷ் எம்ஏவுல முதல் ஆளா வந்துட்டு, டாடா உதவித்தொகையில லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போய் ஹெரால்டு லாஸ்கிகிட்ட அரசியல் படிச்சாரு. கே.ஆர். நாராயணன். 1997-ல குடியரசுத் தலைவரானாரு. யாரு காசுல படிச்சாருன்னு அப்போ எவனும் கேக்கல. உங்க தங்கச்சியும் நெட் எழுதி, துறை நேர்காணல்ல உக்காந்து, அஞ்சு வருஷம் கழிச்சு வைவாவுல (பிஎச்டி வாய்மொழித் தேர்வு) வெளியாளுக்குப் பதில் சொல்லித்தான் டாக்டர் ஆகப் போறா, வைவாவுல சாதிக்கு மார்க் கெடையாது.

ஆனா இதுல ஒரு கண்ணி இருக்கு, அதைச் சொல்லியாகணும். இப்படி உதவித்தொகைக்கு எழுதும்போது நம்ம பிள்ளையள் முதல் பாராவுலயே அப்பா கடலுக்குப் போனாரு, அம்மா மீன் கூடை சுமந்தாங்க, மண்ணெண்ண விளக்குல படிச்சேன்னு ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் அதையே எழுதிடுறாங்க. நான் நெறைய வாசிச்சிருக்கேன், வாசிக்கிறவங்களுக்குக் கண்ணு கலங்கும், ஆனா இந்தப் பிள்ளை என்ன ஆராயப் போகுதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. அந்த வாழ்க்கை குடுத்த கேள்வியை எழுதணும். 2017 நவம்பர் 30-ல ஒக்கிப் புயல் வந்துச்சு, எத்தனை வீட்டுல ஆள் திரும்பல. ஒரு வாரம் கழிச்சு சின்னத்துறைப் பக்கமிருந்து சனங்க நடந்தே வந்து குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்தாங்க. அந்தச் சனத்தைத் திரட்டினது யாரு? பஞ்சாயத்துத் தலைவரா, கட்சிக்காரனா? பங்குச் சாமியாரும் ஊர்க் கமிட்டியும். காணாமப் போனவங்க பட்டியலை முதல்ல எடுத்தது எந்த ஆபீசு? பங்குங்கதான் வீடு வீடா எடுத்தாங்க. ஓட்டுப் போட்டு வந்த அமைப்பு ஓரமா நிக்கும்போது ஓட்டே இல்லாத ஒரு அமைப்பு எப்படிச் சனங்களுக்காகப் பேசுது, அந்தக் கமிட்டிக்குள்ள பொம்பளைங்க குரல் எங்க, சாமியார் சொல்றதுக்கு எதிரா ஒருத்தன் நின்னா ஊர்ல அவனுக்கு என்ன ஆகும், விசைப்படகுக்காரனுக்கும் வள்ளத்துக்காரனுக்கும் சண்டை வந்தா தீர்ப்பு யாரு கையில? இதெல்லாம் அரசியல் அறிவியல். இதை டெல்லியில வளந்த பிள்ளை ஒரு வருஷம் குளச்சல்ல தங்கினாக்கூட உங்க தங்கச்சி கேக்கிற மாதிரி கேக்க முடியாது, அவளுக்கு யாரு வீட்டுத் திண்ணையில உக்காரலாம், யாருகிட்ட எதைக் கேக்கக் கூடாதுன்னு தெரியும்.

அதுக்காகக் கடற்கரைப் பிள்ளை கடற்கரையத்தான் ஆராயணும்னு ஒரு சட்டமும் கெடையாது, வழிகாட்டி அப்படித் தள்ளிவிட்டா தள்ளிவிடக் கூடாதுன்னு சொல்லட்டும். அவளுக்கு ஆப்பிரிக்க யூனியன் பத்தியோ தேர்தல் கணக்கு பத்தியோ ஆர்வம் இருந்தா அதையே பண்ணட்டும், ஃபெலோஷிப் விதியில தலைப்பு இதுதான்னு எங்கயும் இல்ல. இதே கணக்குல ஒரு வினோதம் கேளுங்க, எஸ்சி பிள்ளைகளுக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில 2022 விதியில இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பத்தின சமூக ஆய்வு இதுக்கெல்லாம் காசு கெடையாதுன்னு போட்டாங்க. அப்போ வெளிநாட்டுல போய் நம்ம சாதியைப் பத்திப் படிக்கணும்னு நெனைக்கிற தலித் பிள்ளைக்கு அந்தக் கதவே கெடையாது. ஒரு பக்கம் உன் ஊரைத்தான் ஆராயணும்பான், இன்னொரு பக்கம் அதை மட்டும் ஆராயாதேம்பான்.

இப்போ செய்ய வேண்டியது, திங்கக்கிழமை தக்கலைக்குப் போயி அந்த ஓபிசி சான்றிதழ் வேலைய முடிங்க. தங்கச்சிகிட்ட ரெண்டு பக்கத்துல கேள்வி மட்டும் எழுதச் சொல்லுங்க, குடும்பக் கதை ஒரு பாராவுக்கு மேல வேண்டாம். எழுதினதும் அனுப்புங்க, வாசிச்சுச் சொல்றேன். சிவப்பு மை நெறைய இருக்கும், முன்னாடியே சொல்லி வைங்க, இல்லன்னா பிள்ளை பயந்துரும்.